வெள்ளரிப்பிஞ்சுப் பாட்டியும் ஒரு பவுண்டரியும்

கேள்வி: உசிலம்பட்டி அருகே எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் மாணவிகளுக்குக் கழிப்பறை கட்ட நிதி திரட்டுகிறோம். அதற்காக முன்னாள் மாணவர்கள் அணியும் உள்ளூர் கேபிள் சேனல் அணியும் மோதும் கிரிக்கெட் போட்டியைச் சித்திரையில் மதுரையில் நடத்த எண்ணம். சென்னையிலிருந்து இரண்டு சீரியல் நடிகர்களையும் அழைக்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். “காசை நேராகக் கொடுக்காமல் இந்தக் கூத்து எதற்கு?” என்கிறார் என் மாமா. என்ன செய்யலாம்?

பதில்: மாமா சொல்வதில் பாதி சரி. கூத்து இருக்கட்டும், அதன் செலவு கழிப்பறைக் காசைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு போட்டிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். ஒன்பது மணிக்கு வர வேண்டிய நடிகர் பதினொன்றரைக்குக் காரிலிருந்து இறங்கினார். முதல் பந்திலேயே ஸ்டம்ப் சாய்ந்தது. நடுவர் பெருந்தன்மையாக ‘நோபால்’ என்றார். பிறகு செல்ஃபி, சால்வை, மறுபடியும் கார். விமான டிக்கெட், ஓட்டல் அறை, பந்தல், ஒலிபெருக்கி எல்லாம் போக எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டேன். பொருளாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதே மைதானத்தில் எல்லைக்கோட்டருகே ஓர் உள்ளூர் சேனல் தம்பி ஃபீல்டிங் நின்றார். வெள்ளரிப்பிஞ்சு விற்ற பாட்டி அவரை அடையாளம் கண்டு, “எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று டிவியில் சொன்னது நீதானே ஐயா? இன்னும் லாரி வரவில்லையே!” என்று பிடித்துக்கொண்டார். அவர் பதில் சொல்லத் திரும்பினார், பந்து நான்குக்குப் போய்விட்டது. அன்று கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது அப்போதுதான். உங்களுக்கு அந்தத் தம்பி போதும். அவருக்கு விமான டிக்கெட் வேண்டாம், பைக்கில் வந்துவிடுவார்.

2016 ஏப்ரல் 17 அன்று நடிகர் சங்கக் கட்டட நிதிக்காகச் சேப்பாக்கத்தில் நட்சத்திரக் கிரிக்கெட் நடந்தது நினைவிருக்கும். எட்டு அணிகள், அதில் நம் ஊர்ப் பெயரில் ‘மதுரை காளை’யும் உண்டு. அதற்குத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் பெரிய விளம்பரதாரர்களும் துணை இருந்தார்கள். உங்களுக்கு ஜவுளிக்கடை, நகைக்கடை, உரக்கடை அண்ணாச்சிகள்தான். ஆகவே டிக்கெட் வசூலை நம்பாமல் முதலில் அவர்களைப் பாருங்கள். ஓவருக்கு இவ்வளவு, சிக்சருக்கு இவ்வளவு என்று பேசிவைத்தால் ஆட்டமும் சூடுபிடிக்கும். சேப்பாக்கத்தில் ஆடியது போல ஆறு ஓவர் போதும். டென்னிஸ் பந்தில் ஆடுங்கள். மறுநாள் மூக்கில் பிளாஸ்திரியோடு செய்தி வாசிக்க யாருக்கு ஆசை?

மதுரை எதற்கு? பள்ளி மைதானத்திலேயே நடத்துங்கள், கழிப்பறை இல்லாத இடத்தை வருபவர்கள் கண்ணால் பார்க்கட்டும். தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முன்பே பேசிவிடுங்கள். அரசுப் பள்ளிக்கு முன்னாள் மாணவர்கள் நன்கொடை தருவதற்கென்றே 2022-ல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமும் இருக்கிறது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது என்பதால் கடைக்காரர்களிடம் காசோலையே கேளுங்கள்.

தேதியை மட்டும் மாற்றிவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் மாதத்தில் உங்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? வெயில் வேறு. தை, மாசி என்றால் நிம்மதி.

மாமாவைப் பொருளாளராகப் போட்டுவிடுங்கள். சால்வைக்குக்கூட ரசீது கேட்பார்.