பேனலை மூடினால் சர்வர் நிற்காது

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விஎஸ் கோடு எடிட்டரில் வேலை செய்கிறேன். ஃப்ரன்ட்எண்டுக்கு ஒரு டெர்மினல், பேக்எண்டுக்கு ஒன்று, கிட்டுக்கு ஒன்று, தூரத்திலிருக்கும் கிளையன்ட் சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைய ஒன்று என்று மதியத்துக்குள் ஏழெட்டு சேர்ந்துவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் 'பேஷ்' அல்லது 'நோட்' என்றுதான் பெயர். பேக்எண்ட் கோடைத் திருத்தி மறுபடி ஓட்டினாலும் சில நேரம் பழைய பதிலே வருகிறது. தெரிந்த ஒருவர், 2,500 ரூபாய் கொடுத்தால் எனிடெஸ்க்கில் (தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் ஆப்) வந்து எல்லாவற்றையும் செட்டப் செய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பழைய பதில் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

டெர்மினல் பேனலின் மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறதல்லவா, அதை அழுத்தினால் பேனல் மறையும், அவ்வளவுதான். உள்ளே ஓடுகிற சர்வர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் மூடிவிட்டதாக நினைத்து இன்னொரு டெர்மினலைத் திறந்து சர்வரை மறுபடி கிளப்புகிறீர்கள். 3000-ஆம் போர்ட்டை (சர்வர் பதில் சொல்லும் கதவு எண்) பழையது பிடித்து வைத்திருப்பதால், போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று ஒரு எர்ரரைப் போட்டுவிட்டுப் புதியது செத்துப்போகிறது. எட்டு டெர்மினல் நடுவில் அந்த வரியை யார் பார்த்தது? பிரவுசருக்குப் பதில் சொல்வது காலையில் நீங்கள் ஓட்டிய பழைய கோடு. ஃப்ரன்ட்எண்டை ஓட்ட வைட் என்ற கருவி வைத்திருந்தால் வேறு மாதிரி கூத்து: 5173 காலியில்லை என்றால் அது சாவதில்லை, 5174-க்கு நகர்ந்துவிடும். பேக்எண்டில் 5173-க்கு மட்டும் கோர்ஸ் அனுமதி (எந்த முகவரியிலிருந்து வரும் பக்கம் பேசலாம் என்பது) கொடுத்திருப்பீர்கள். லாகின் ஏன் வேலை செய்யவில்லை என்று அரை நாள் போகும்.

ஆகவே நிறுத்த வேண்டுமென்றால் அந்த டெர்மினலுக்குள் போய் கன்ட்ரோல்-சி. அப்புறம் குப்பைத்தொட்டி ஐகான். எது போர்ட்டைப் பிடித்திருக்கிறது என்றே தெரியவில்லையா? மேக், லினக்ஸில் 'lsof -i :3000' என்று கொடுத்துப் பார்த்தால் ப்ராசஸ் எண் வரும், அதைக் கில் செய்யலாம்.

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. எடிட்டரை முழுக்க மூடித் திறந்தால், நேற்றைய டெர்மினலின் எழுத்துகள் அப்படியே திரும்ப வரும். சர்வர் ஓடுவது போலவே இருக்கும். ஆனால் அது வெறும் எழுத்துதான், அடியில் இருப்பது புத்தம் புதிய ஷெல், அதாவது எதுவும் ஓடாத வெறும் கமாண்ட் வரி. ரீலோட் விண்டோ கொடுத்தால் மட்டுமே உண்மையான ப்ராசஸ் தொடரும்.

இப்போது பெயர்கள். டெர்மினல் ஒன்றுக்கு மேல் போனால்தான் வலப்பக்கம் பட்டியல் தெரியும். அதில் ரைட் கிளிக் செய்து ரீநேம் கொடுங்கள். 'ஏபிஐ', 'வெப்', 'கிட்', அவ்வளவு போதும். அதே மெனுவில் நிறம் மாற்றவும் வழி இருக்கிறது. கிளையன்ட் சர்வருக்குப் போகிற டெர்மினலைச் சிவப்பாக்குங்கள். இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, லோக்கல் டேட்டாபேஸ் என்று நினைத்து மூன்றாவது 'பேஷ்'-இல் ஒரு டேபிளை டிராப் செய்தேன். அது லோக்கல் இல்லை. பேக்அப் முந்தைய நாள் இரவினுடையது. அன்று முழுக்க வந்த ஆர்டர்களை இமெயில்களைப் பார்த்துக் கையால் ஏற்றினோம்.

இன்னொன்றும் செய்யுங்கள். செட்டிங்ஸில் 'கன்ஃபர்ம் ஆன் கில்' என்று தேடி 'ஆல்வேஸ்' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால், பேனலில் இருக்கும் டெர்மினலைக் குப்பைத்தொட்டியில் போடும்போது எடிட்டர் ஒரு வார்த்தைகூடக் கேட்காது. சேவ் செய்யாத ஃபைலை மூடினால் மூன்று பொத்தானைக் காட்டிக் கேட்கிற அதே எடிட்டர்தான் இது! ஓடுகிற வேலையைக் கொல்வதற்குக் கேள்வி கிடையாது. யார் இப்படி முடிவு செய்தார்களோ, அவர்கள் சர்வர் ஓட்டுகிறவர்களாக இருக்க முடியாது.

தினமும் அதே நான்கைக் கையால் திறப்பது அலுப்பாக இருந்தால், டெர்மினல் மெனுவில் கன்ஃபிகர் டாஸ்க்ஸ் போய் ஒவ்வொன்றையும் ஒரு டாஸ்க்காக எழுதிவிடலாம். ஒரே கட்டளையில் எல்லாம் தனித்தனி டெர்மினலில் கிளம்பும். அந்த 2,500 ரூபாய் செட்டப்பும் பெரும்பாலும் இந்த இருபது வரி ஃபைல்தான். பணம் போனால் போகட்டும். எனிடெஸ்க்கில் ஒருவரை உள்ளே விடும்போது உங்கள் எஸ்எஸ்எச் சாவி, கிளையன்ட் பாஸ்வேர்டு, கிட் டோக்கன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு அழைப்பது போல. செட்டப் செய்ய அதெல்லாம் எதற்கு?

டாஸ்க் என்றதும் ஒன்று சொல்லாமல் விட முடியாது. ஃபோல்டரைத் திறந்தவுடனே தானாக ஓடும்படியும் டாஸ்க்கை எழுத முடியும். வேலை வாங்கித் தருகிறேன், இந்த ரெப்போவை (கோடு ஃபோல்டரை) இறக்கி ஓட்டிக் காட்டுங்கள் என்று போலி ரெக்ரூட்டர்கள் அனுப்புவதில் இந்த வித்தையும் உண்டு. திறக்கும்போது, இந்த ஃபோல்டரை எழுதியவர்களை நம்புகிறீர்களா என்று எடிட்டர் கேட்கும். அவசரத்தில் ஆமாம் என்று தட்டிவிடாதீர்கள். இல்லை என்று சொன்னாலும் கோடைப் படிக்கலாம், டாஸ்க் மட்டும் ஓடாது.

கடைசியாக அந்த எஸ்எஸ்எச் டெர்மினல். மேலே சொன்னதெல்லாம் உங்கள் லேப்டாப்பில் ஓடும் வேலைகளுக்கு. தூரத்து சர்வரில் நீண்ட வேலை என்றால் எடிட்டர் டெர்மினலை நம்பவே கூடாது. இன்டர்நெட் ஒரு நிமிடம் போனாலோ, லேப்டாப் மூடியைச் சாத்தினாலோ இணைப்பு அறுந்து, பாதியில் நின்ற டேட்டாபேஸ் மைக்ரேஷனோடு உட்கார்ந்திருப்பீர்கள். அங்கே டிமக்ஸ் வேண்டும், இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை சர்வரிலேயே உயிரோடு வைத்திருப்பது அது. 2007-இல் வந்த கருவி, இன்றும் இதற்கு அதுதான் சரி. சர்வருக்குள் நுழைந்ததும் டிமக்ஸ் என்று அடியுங்கள், அதற்குள் வேலையைத் தொடங்குங்கள். கன்ட்ரோல்-பி அழுத்தி விட்டுவிட்டு 'டி' தட்டினால் வெளியே வந்துவிடலாம், வேலை அங்கேயே ஓடும். மாலையில் மறுபடி நுழைந்து 'டிமக்ஸ் அட்டாச்'. கவனிக்க வேண்டியது, டிமக்ஸ் ஓட வேண்டியது சர்வரில். உங்கள் லேப்டாப்பில் டிமக்ஸைத் திறந்து அதற்குள்ளிருந்து எஸ்எஸ்எச் போட்டால், அறுந்த இணைப்பு அறுந்ததுதான். இரண்டு பக்கமும் ஓட்டுகிறவர்கள், உள்ளே இருப்பதற்குக் கட்டளை போக கன்ட்ரோல்-பியை இரண்டு முறை அழுத்த வேண்டும். சர்வரில் டிமக்ஸ் இல்லை, நிறுவ டிக்கெட் போட்டு ஒரு வாரம் காத்திருங்கள் என்பார்கள் கிளையன்ட் தரப்பில். காத்திருக்க வேண்டாம், 'ஸ்கிரீன்' இருக்கிறதா பாருங்கள், 1987-லிருந்து இருக்கிற கிழவன், இந்த வேலைக்குப் போதும்.

சர்வரே ரீபூட் ஆனால் டிமக்ஸும் போய்விடும். ரீபூட் எந்தக் கிழமை என்று கிளையன்டிடம் கேட்டு வையுங்கள். சொல்ல மாட்டார்கள், இருந்தாலும் இமெயிலில் கேளுங்கள்.