ஜாதிக்காய்: பூக்கிறது, காய்க்கவில்லையே?

கேள்வி: தென்னைக்கு ஊடால ஜாதிக்காய் நாத்து வெச்சு 7 வருஷமாச்சுங்க. பூ எடுக்குது. ஆனா பாதி மரத்துல பிஞ்சே நிக்கறதில்லைங்க. உரம் பத்தலீங்களா?
வாசகர், ஆனைமலை

பதில்: உரத்தின் மேல் பழி போடாதீர்கள். ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதை நாற்று நட்டால் ஏறத்தாழ பாதி ஆணாக வந்துவிடும். இலையைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவதாகச் சில நாற்று வியாபாரிகள் பேசுவார்கள். நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பூத்த பிறகுதான் தெரியும். பூவை பிளேடால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். உள்ளே மகரந்தம் ஒட்டிய ஒல்லியான தண்டு இருந்தால் ஆண். அடிபருத்த பச்சைச் சூலகம் இருந்தால் பெண். ஆண் பூக்கள் பெரும்பாலும் கொத்தாக இருக்கும்.

10 பெண் மரத்துக்கு 1 ஆண் போதும், அதுவும் தோப்பில் பரவலாக நிற்கட்டும். மிச்ச ஆண் மரங்களை வேரோடு பறிக்க வேண்டாம். மேலே வெட்டிவிட்டு, துளிர்க்கும் பச்சைக் கிளைகளில் நன்றாகக் காய்க்கும் பெண் மரத்துத் துளிர்மொட்டை ஒட்டுக் கட்டலாம். மொட்டோ குச்சியோ, நிமிர்ந்து வளரும் கிளையிலிருந்து எடுக்க வேண்டும். பக்கக் கிளையில் எடுத்தால் மரம் உயராமல் புதராகப் படரும். இனி கன்று வாங்குவதானால் ஒட்டுக்கன்றாகவே வாங்கி, நான்கு தென்னைக்கு நடுவில் வையுங்கள். கோடையில் தண்ணீர் விட்டுவிட்டுப் பாய்ந்தால் பிஞ்சு வெடித்து உதிரும். சொட்டுநீரும் மட்டை மூடாக்கும் அவசியம்.

கேள்வி: ஜாதிக்காய்க் கொட்டையைச் சுத்தியிருக்கற செவப்புப் பத்திரி கறுத்துப் போகுதுங்க. வெலையே கெடைக்கறதில்லை.
வாசகர், கோட்டூர்

பதில்: அறுவடை மும்முரமாகும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உங்கள் பக்கம் மழைக்காற்றும் வரும். காய் வெடித்ததுமே பறித்துவிடுங்கள். மண்ணில் விழுந்து கிடந்ததில் பூஞ்சணம் ஏறிவிடும். அன்றே பத்திரியைக் கிழியாமல் உரித்து, 75 டிகிரி வெந்நீரில் 2 நிமிடம் முக்கி எடுத்து உலர்த்தினால் நிறம் நிற்கும். கொட்டையைத் தனியாக, உள்ளே பருப்பு கலகலக்கும் வரை காய வையுங்கள். உலர்த்தியில் போட்டால் சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. பருப்பிலுள்ள கொழுப்பு உருகிவிடும். காயின் சதைப்பற்றான மேல்தோட்டை எறியாதீர்கள், ஊறுகாய்க்கு அருமை.

கேள்வி: கைக்குழந்தை தூங்கறதுக்கு ஜாதிக்காய் உரசிக் கொடுக்கலாங்களா?
வாசகி, உடுமலை

பதில்: வேண்டாம் அம்மா. அதிலுள்ள மிரிஸ்டிசின் என்ற வேதிப்பொருள் மயக்கத்தையும் படபடப்பையும் உண்டாக்கும். பெரியவர்களுக்கே 5 கிராம் போனால் ஆபத்து. கல்லில் உரசும்போது எவ்வளவு இறங்கியது என்று அளக்க வழியில்லை. குழந்தை தூங்காமல் அழுதால் மருத்துவரிடம் காட்டுங்கள். பிரியாணிக்குக் கிள்ளிப் போடும் பத்திரி அளவால் ஒன்றும் ஆகாது.