வீடியோ கேமிலும் பொருட்களை அடுக்கிக்கொண்டே இருக்கிறேன். இது ஒசிடி என்கிற மனநலக் கோளாறா?

எனக்கும் உண்டு. கல்லும் மண்ணும் தோண்டிச் சேர்க்கிற மைன்கிராஃப்ட் கேமைத் திறந்தால் முதல் அரைமணி நேரம் பெட்டி அடுக்குவதில்தான் போகும். இரண்டு பெட்டியைச் சேர்த்து வைத்தால் 54 கட்டம், கட்டத்துக்கு 64 கல். ஆக மொத்தம் 3,456. இந்தக் கணக்கு மண்டையில் ஏறிவிட்டால் 3,400-இல் நிறுத்த மனசு வராது. மிச்சம் 56 கல்லுக்காகக் குகைக்குள் போய், கிரீப்பர் என்கிற அரக்கன் பக்கத்தில் வந்து வெடித்து, வாளும் கவசமும் பறிபோன கதையெல்லாம் இருக்கிறது. முட்டை கட்டத்துக்கு 16-தான், வாள் ஒன்றுதான். அது தனிக் கடுப்பு.

எங்களுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக் கடை. பள்ளி விடுமுறை விட்டால் எனக்கு அங்கேதான் வேலை. மாவு ஜவ்வரிசி ஒரு பக்கம், நைலான் ஜவ்வரிசி ஒரு பக்கம். பழைய சரக்கு முன்னால், புதுசு பின்னால். டீத்தூளை மிளகாய் மூட்டை பக்கத்தில் வைத்தால் திட்டு விழும், வாடை ஏறிவிடுமே. இந்தப் பழக்கம் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்று ரொம்ப நாள் பெருமையாக நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பின்னால் நின்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"இதையெல்லாம் யாரு கண்ணு வாங்கறாங்க?"

"யாரும் வாங்க மாட்டாங்கப்பா."

"அப்புறம் எதுக்கு அடுக்கற?"

பதில் வரவில்லை. யோசித்தால், கடையில் காலையில் அடுக்கியது மதியத்துக்குள் கலைந்துவிடும். கலையத்தான் அடுக்குவதே. மைன்கிராஃப்டில் சரக்கு வந்துகொண்டே இருக்கும், வெளியே போகாது. வைரம் தேடித் தோண்டினால் ஆண்டசைட், டயோரைட், கிரானைட் என்று கண்ட கல்லெல்லாம் கூடவே வரும். அதனால் அடுக்குகிற வேலைக்கு முடிவே இல்லை. ஸ்டார்ட்யூ வேலி என்கிற விவசாய கேமில் எனக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே விளைச்சலை விற்பனைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தூங்கினால் மறுநாள் காசு. (பெட்டிகளுக்கு வண்ணம் மாற்றலாம் என்று தெரிந்த வாரம் மட்டும் விவசாயமே நடக்கவில்லை.)

சரி, ஒசிடியா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆனால் அடுக்கி முடித்ததும் சுகமாக இருப்பது வேறு, அடுக்காவிட்டால் ஏதோ கெட்டது நடந்துவிடும் என்று நெஞ்சு படபடப்பது வேறு. வேண்டாத எண்ணம் விடாமல் துரத்தி, அதை அடக்கவே ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்து, நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போகிறது, வேலை கெடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பேச்சு வழிச் சிகிச்சையும் மாத்திரையும் இருக்கின்றன. கல்லூரி நாளில் ஒருமுறை, நிலக்கரிப் பெட்டியில் இரும்பு கிடக்கிறது என்ற நினைப்பில் இரவு ஒரு மணிக்கு எழுந்து கணினியைப் போட்டேன். அது மட்டும் சுகமாக இல்லை. நல்லவேளை, மறுபடி வரவில்லை.

அப்பா கேட்டதற்குப் பிறகு மைன்கிராஃப்டில் என் வீட்டுப் பக்கத்தில் லாவாக் குழி ஒன்று வெட்டினேன், வேண்டாத கல்லை எறிந்து எரிக்க. குழி ஓரமாக ஒரு பெட்டி வைத்து, 'எறிய வேண்டியவை' என்று பலகையும் நட்டேன். இப்போது அங்கே மூன்று பெட்டி நிற்கிறது. ஆண்டசைட், டயோரைட், கிரானைட்.