அலையே இல்லாத கடலில் படகுகள் சும்மா நிற்கும் பழைய ஓவியங்களில் ரசிக்க என்ன இருக்கிறது?

சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ரொமான்டிக் காலக் கடல் ஓவியம் என்றதும் புயலும் உடையும் கப்பலும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆங்கிலேய ஓவியர் டர்னர் நம் கண்ணை அப்படிப் பழக்கிவிட்டார். அமைதியான கடலைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஃபிட்ஸ் ஹென்றி லேன் என்ற அமெரிக்க ஓவியர்.

1804-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து மீன்பிடி ஊரான க்ளோஸ்டரில் பிறந்தவர். சிறு வயதிலேயே கால்கள் செயலிழந்துவிட, ஊன்றுகோலோடுதான் வாழ்ந்தார். பாஸ்டனில் கல்லில் வரைந்து அச்சிடும் லித்தோகிராஃப் தொழில் கற்றார். அப்புறம் ஊர் திரும்பித் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு கல் வீடு கட்டிக்கொண்டார். பாய்மரத்தில் எந்தக் கயிறு எங்கே போகிறது என்பது அவருக்கு அத்துப்படி.

அவருடைய காலத்துப் படகுகள் பெரும்பாலும் காற்றை நம்பியவை. காற்று நின்றால் பிழைப்பும் நின்றுவிடும். நாம் அமைதி என்று ரசிப்பது படகில் இருப்பவர்களுக்குக் காத்திருப்பு. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 'அவுல்ஸ் ஹெட்' (1862) படத்தில் கரையில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அவரும் எதற்கோ காத்திருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1864 வாக்கில் அவர் திரும்பத் திரும்ப வரைந்த 'பிரேசஸ் ராக்'. சின்னப் படம், ஒன்றரை அடி அகலம்கூட இல்லை. கண்ணாடி போன்ற நீர், அதில் பாறையின் நிழல், முன்னால் உடைந்து கிடக்கும் ஒரு படகு. க்ளோஸ்டர் அருகே அந்தப் பாறையை ஒட்டியுள்ள சிறு குடாவை, துறைமுக வாயில் என்று தவறாக நினைத்துத் திரும்பிய கப்பல்கள் பாறையில் மோதி உடைந்திருக்கின்றன. ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். லேன் இதில் புயலை வரையவே இல்லை; புயல் போன பிறகு அதே கடல் எவ்வளவு சாதுவாக இருக்கிறது என்பதை வரைந்தார். டர்னரின் புயலைவிட எனக்கு இதுதான் அதிகம் பயம் தருகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகள் என்பதால், உடைந்த படகை உடைந்த நாடாகப் படிப்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் எனக்கு அது படகாகவே போதும்.

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் இணையதளத்தில் இதைப் பெரிதாக்கிப் பாருங்கள். தூரிகைத் தடத்தைத் தேடினால் கிடைப்பது கடினம், அவ்வளவு மழமழப்பு. நீர் கரையைத் தொடும் கோட்டிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். வானத்துக்குக் கடைசியில் வரலாம்.