குதிரை தின்ற ஓட்ஸ்

கேள்வி: இங்கிலாந்தின் டோர்செட்டில் வசிக்கிறேன். கணவர் ஆங்கிலேயர். மகனின் பள்ளியில் வம்சாவளி எழுதி வரச் சொன்னார்கள். தேடினால், கணவரின் முப்பாட்டனார் ஒருவர் 1852-ல் திருட்டுக் குற்றத்துக்காக இரண்டு மாதம் சிறையில் இருந்திருக்கிறார். பண்ணையில் குதிரை வண்டி ஓட்டியவர். முதலாளியின் ஓட்ஸை எடுத்து அந்தப் பண்ணைக் குதிரைகளுக்கே போட்டாராம். கணவர் எழுதலாம் என்கிறார். திருடன் பெயர் எதற்கு என்று நான் விட்டுவிட்டேன். சரிதானே? (பெயர் வேண்டாம்)

பதில்: சரியில்லை. ‘அந்தப் பண்ணைக் குதிரைகளுக்கே போட்டாராம்’ என்று எழுதிவிட்டு எப்படி அம்மா தாண்டிப் போனீர்கள்? முதலாளியின் தானியம் முதலாளியின் குதிரை வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது.

அந்தக் காலத்தில் பல வண்டிக்காரர்கள் இதைச் செய்தார்கள். விடியுமுன் எழுந்து தீனி வைத்து, உடம்பு தேய்த்துவிட்டு, ஏரில் பூட்டுகிறவர் அவர்தான். குதிரை மினுமினுப்பாக நின்றால் அவருக்குக் கௌரவம். அளந்து கொடுத்த தீனி போதாது என்று கூடுதலாக அள்ளினால், சட்டப்படி திருட்டு. 1863-ல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு, முதலாளியின் தீனியை அவர் கால்நடைக்கே போடுவது திருட்டாகாது என்று மாற்றியது. அதற்கப்புறமும் மூன்று மாதம் வரை சிறை உண்டு. ஆனால் திருடன் என்ற பெயர் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு அந்தச் சட்டம் 11 வருஷம் பிந்தி வந்தது. நீங்கள் இன்றைக்கும் அவரைத் திருடன் என்கிறீர்கள்.

சரி, வீட்டுக்கே எடுத்துப் போயிருந்தாலும் இதையேதான் சொல்வேன். 1850 வாக்கில் தென் இங்கிலாந்தில் பண்ணையாளின் வாரக் கூலி சராசரி 8 ஷில்லிங் 5 பென்ஸ். அதுவும் இரண்டு மாதம் நின்றபோது அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா? அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம் அதில்தான். வாழ வந்த வீட்டில் உயிரோடு இருப்பவர்கள் மட்டுமா நமக்குச் சொந்தம்? செத்துப்போன பெரியவர்களும்தான். அவர் பெயரை வெட்ட உங்களுக்கு உரிமை கிடையாது.

1851 மார்ச் 30 அன்று எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் வீடுவீடாகப் பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் இருக்கும். மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர் வீட்டைத் தேடுங்கள். மனைவி பெயர் கிடைக்கும், பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயரும். எல்லாவற்றையும் அவன் கையாலேயே எழுதட்டும். அந்த ஓட்ஸ் கதையையும் நீங்களே அவனுக்குச் சொல்லுங்கள்.