வாடகையே லோனைக் கட்டிவிடுமா?

கேள்வி: அக்கா, எனக்கு மட்டக்களப்பு ஆரையம்பதி. இவர் கட்டாரில் உழைத்துச் சேர்த்த 60 லட்சம் இருக்கிறது. கல்லடியில் ஆறு வீடுள்ள மாடிக் கட்டடம் ஒன்று 1 கோடி 80 லட்சத்துக்கு வருகிறது. வீட்டுக்கு 30,000 வாடகை, ஆறிலும் ஆள் இருக்கிறதாம். வீட்டுக் கடன் தர மாட்டோம், வர்த்தகக் கடன்தான் என்கிறது வங்கி. மிச்சம் 1 கோடி 20 லட்சத்தை அப்படி எடுத்தால் வாடகையிலேயே கட்டிவிடலாம்தானே?

பதில்: கட்ட முடியாது தங்கச்சி. நீங்கள் குடியிருக்க வாங்கவில்லை, வாடகைக்கு விட வாங்குகிறீர்கள், அதனால்தான் வர்த்தகக் கடன் என்கிறார்கள். உதாரணத்துக்கு 14 வீத வட்டி, 15 வருடம் என்று வையுங்கள், மாதத் தவணை கிட்டத்தட்ட 1,60,000 வரும். வாடகை 1,80,000 என்றதும் 20,000 மிஞ்சுகிறதே என்று தோன்றும், ஆனால் ஒருவர் எழும்பிப் போய் அடுத்தவர் வரும்வரை வீடு சும்மா கிடக்கும், பெயின்ட், தண்ணி மோட்டர், மதிப்பீட்டு வரி, காப்புறுதி என்று கால்வாசி போய்விடும். கையில் நிற்பது 1,35,000. மாதம் 25,000 இவர் கட்டாரிலிருந்து அனுப்ப வேண்டும்.

தவணையைப் போல ஒன்றேகால் மடங்காவது நிகர வருமானம், அதாவது செலவு போகக் கையில் நிற்பது, இருக்கிறதா என்றுதான் வங்கி பெரும்பாலும் பார்க்கும். அந்தக் கணக்கில் இந்தக் கட்டடம் தாங்கும் கடன் 81 லட்சம். அதோடு வட்டி மாறும் வட்டியா என்று கட்டாயம் கேளுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி கூட்டியதை நாங்கள் எல்லோரும் பட்டிருக்கிறோம். 18 வீதமானாலே தவணை 1,93,000, முழு வாடகையும் போதாது. உங்கள் 60 லட்சமும் அப்படியே நிற்காது, உறுதி முடிக்க முத்திரை வரி மட்டும் 7,19,000 ரூபாய்.

ஆறிலும் ஆள் இருக்கிறது என்பதை வாய்ச்சொல்லாக எடுக்காதீர்கள். ஆறு வீட்டுக்கும் ஒரு வருடக் கரண்ட் பில்லைக் கேளுங்கள், ஆளில்லாத மாதம் யூனிட்டில் தெரிந்துவிடும். அப்புறம் படிக்கட்டுக்குக் கீழே போய் நின்று கொங்கிறீட் தட்டை அண்ணாந்து பாருங்கள். தேத்தண்ணி நிறத்தில் கோடு ஓடியிருந்தால் உப்புக் காற்று உள்ளே கம்பியைத் தின்னத் தொடங்கிவிட்டது, அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டி, காணிப் பதிவேடான தோம்பும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் மகளுக்குச் சீதனமாக எழுதும்போது தாய் தகப்பன் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொள்வது வழக்கம், அதை அவர்கள் விட்டுக் கையெழுத்து வைக்காமல் வங்கி ஈடு எடுக்காது. மேல்மாடிக்கும் மாநகர சபை அனுமதி இருக்கிறதா, கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலை இறங்கவில்லையென்றால் நம்பிக்கையான ஒருவரைப் பங்குக்குச் சேருங்கள், இல்லாவிட்டால் சின்னக் கட்டடமாகத் தேடுங்கள். கடன் போதாது, நீங்கள் இருக்கிற வீட்டையும் ஈடு வையுங்கள் என்று வங்கியில் கேட்பார்கள். அது உங்கள் சீதன வீடு என்றால் தயவுசெய்து கொடுக்காதீர்கள் தங்கச்சி. தவணை தவறினால் ஈட்டுச் சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிக்கு இடம் கொடுக்கிறது.