தி.நகரில் துணி, மாலையில் காமெடிப் படம்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு குடும்பத்தோடு நான்கு பேர் செங்கல்பட்டிலிருந்து ரயிலில் தி.நகர் வருகிறோம். காலையில் துணி, மதியம் ஸ்வீட்டும் பட்டாசும், மாலையில் ஒரு காமெடிப் படம், இரவு ரயிலில் வீடு. திட்டம் சரிவருமா?

பதில்: பட்டாசையும் ஸ்வீட்டையும் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பையில் பட்டாசோடு மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவுப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரே ஒரு மத்தாப்புப் பெட்டிதான் என்று சொல்லித் தப்ப முடியாது. தியேட்டர் வாசலிலும் விட மாட்டார்கள். ஊரிலேயே உரிமம் உள்ள கடையில் வாங்குங்கள். ஆன்லைனில் ‘சிவகாசி நேரடி விலை’ என்று வரும் விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்பவே வேண்டாம். பட்டாசை இணையத்தில் விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை விதித்துவிட்டது. ஏற்கெனவே பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

வெளி உணவுக்குத் தடை உள்ள தியேட்டரில் ஸ்வீட் பெட்டியையும் நிறுத்துவார்கள். துணிப் பைகளும் பெரிதாக இருந்தால் இதே சிக்கல்தான். பில் போடும் முன்பே, பணம் கட்டிய துணியை இரவு வரை டெலிவரி கவுன்டரில் வைத்திருப்பார்களா, கடை எத்தனை மணிக்கு மூடும் என்று இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். படம் முடிவதற்குள் ஷட்டர் இறங்கிவிட்டால் பட்டுப்புடவை கடைக்குள்ளே, நீங்கள் தெருவில்.

கேள்வி: அம்மாவுக்குப் பட்டுப்புடவை எடுக்க வேண்டும். கூட்டத்தில் நின்றுகொண்டு அசல் எது என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: காலையில் கடை திறந்தவுடன் முதல் வேலையாகப் புடவையை எடுங்கள். பதினொரு மணிக்கு மேல் ரங்கநாதன் தெருக் கூட்டம் உள்ளே வந்துவிட்டால், விற்பனையாளருக்குப் பிரித்துக் காட்டப் பொறுமை இருக்காது. உங்களுக்கும் பார்க்க இடம் இருக்காது.

முதலில் சில்க் மார்க் அட்டை. இது மத்தியப் பட்டு வாரியத்தின் கீழ் உள்ள அமைப்பு தரும் முத்திரை. இது பட்டு நூலுக்கு மட்டும்தான் உத்தரவாதம். ஜரிகையில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம் என்பதை இந்த அட்டை சொல்லாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். முந்தானை ஓரத்தில் முடிச்சுப் போடாமல் விட்ட ஜரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல அறிகுறி. வெள்ளை நூல் தெரிந்து, மேலே பளபளப்பு பிளாஸ்டிக் தோல்போல உரிந்தால் அது போலி ஜரிகை. ஓரத்தில் தொங்கும் பட்டு இழை ஒன்றைக் கேட்டு வாங்கி, கடைக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நிற்கும்.

அடுத்து, புடவையை முழுக்கப் பிரிக்கச் சொல்லுங்கள். மடிப்பு விழுந்த கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நெடுங்காலம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டில்தான் இற்றுப்போகும். ஊசி முனை அளவு வெளிச்சம் வரிசையாகத் தெரிந்தால் அந்தப் புடவை வேண்டாம். ஐந்தரை மீட்டர் புடவையும் அதோடு ப்ளவுஸ் பிட்டும் இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

பில்லில் ‘சேலை 1’ என்று மட்டும் இருந்தால் நாளை வழக்குக்கு உதவாது. ‘சுத்தப் பட்டு’ என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் பட்டு எடுக்காதீர்கள்.

கேள்வி: ரெடிமேட் சட்டை 2,800 ரூபாய், 15 சதவீதத் தள்ளுபடி என்கிறார்கள். இதில் வரி எப்படி?

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல், ரெடிமேட் உடை ஒன்றின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், தாண்டினால் 18. தள்ளுபடி போக வரும் தொகைதான் கணக்கு. உங்கள் சட்டை 2,380 ரூபாய்க்கு வருகிறது, ஆகவே 5 சதவீதம்தான். தைக்காத புடவை துணி வகையில் சேருவதால், விலை கூடினாலும் 5 சதவீதம்தான். அட்டையில் எம்.ஆர்.பி. அச்சிட்டிருந்தால் வரியும் அதற்குள்ளேயே அடக்கம். அதற்கு மேல் ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று சேர்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குறைத்த விலையை ஸ்டிக்கரில் ஒட்டலாம், ஆனால் அது பழைய எம்.ஆர்.பி.யை மறைக்கக் கூடாது.

கேள்வி: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சாயம் போனாலும் கேட்க முடியாதா?

பதில்: கேட்கலாம். சாயம் போனது, நெசவில் ஓட்டை, பில்லில் சொன்ன துணி இல்லை என்பதெல்லாம் குறைபாடு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. அச்சிட்ட அந்த வரி சட்டத்துக்கு மேல் நிற்காது.

நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்பது வேறு. அங்கே கடை ஒத்துக்கொண்டால்தான் மாற்ற முடியும். பில் போடும்போதே ‘எத்தனை நாளில் மாற்றலாம்’ என்று கேட்டு, பில்லின் பின்னால் எழுதி வாங்குங்கள். வெப்பத்தாளில் அச்சான பில் சீக்கிரம் மங்கிவிடும். கவுன்டரை விட்டு நகரும் முன் போட்டோ எடுங்கள். பேச்சு எடுபடாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், உங்கள் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: பில் போட மொபைல் எண் கட்டாயமா?

பதில்: இல்லை. எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023-இல் அறிவுறுத்தியிருக்கிறது.

கேள்வி: மாலைப் படத்துக்கு டிக்கெட், தண்ணீர், பாப்கார்ன் என்று எங்கெல்லாம் பணம் கூடுதலாகப் போகிறது?

பதில்: முதல் செலவு இணைய முன்பதிவுக் கட்டணம். டிக்கெட்டுக்கு 30 ரூபாய் என்றால் 18 சதவீத வரியோடு 35 ரூபாய் 40 காசு. நான்கு பேருக்கு 141 ரூபாய் 60 காசு. காலையிலேயே தி.நகரில் இருப்பீர்கள். பக்கத்துத் தியேட்டர் கவுன்டரில் நேரில் வாங்கினால் அந்தப் பணம் மிச்சம். புதுப்படத்தின் முதல் வாரம் என்றால் மட்டும் முன்பதிவு செய்யுங்கள். ரத்து செய்தால் அந்தக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது.

வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ‘தண்ணீர் எங்கே?’ என்று ஊழியரிடம் உரிமையோடு கேளுங்கள். ஒரே மாதிரியான பாட்டிலுக்குத் தியேட்டரில் ஒரு எம்.ஆர்.பி., வெளியே ஒரு எம்.ஆர்.பி. என்று அச்சிடுவது 2018 ஜனவரி முதல் சட்டவிரோதம். அச்சிட்டதற்கு மேல் கேட்டால், பாட்டிலில் உள்ள விலையையும் பில்லையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். புகாருக்கு அதுவே சான்று.

பாப்கார்னைத் தனியாக வாங்கினால் 5 சதவீத வரி. டிக்கெட்டோடு சேர்த்த காம்போ என்றால் டிக்கெட்டுக்குரிய வரியே மொத்தத்துக்கும் விழும். 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு அது 18. ஆகவே ‘காம்போ லாபம்’ என்ற பலகையைப் பார்த்ததும் இரண்டு விலையையும் தனித்தனியாகக் கேட்டுக் கூட்டிப் பாருங்கள்.

காமெடிப் படம்தானே என்று சான்றிதழைப் பார்க்காமல் விடாதீர்கள். பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய யு/ஏ பிரிவு இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இரட்டை அர்த்த வசனம் நிறைந்த படம் 16+ ஆக வரலாம். எட்டு வயதுக் குழந்தையோடு போனால் பாதியில் எழுந்துவர நேரும், அதற்குப் பணம் திரும்பக் கிடைக்காது. ‘ஏ’ சான்றிதழ் என்றால் 18 வயதுக்குட்பட்டவரைப் பெற்றோரோடு வந்தாலும் அனுமதிக்க மாட்டார்கள்.